இரண்டாம் டிகாக்‌ஷன் யாருக்கு?

வீட்டுக்கு நல்ல காப்பி ஃபில்டர் எது என்று யாராவது கேட்டால், பித்தளையா எவர்சில்வரா என்ற பேச்சுக்குப் போகுமுன் நான் ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டில் இரண்டாம் டிகாக்‌ஷனைக் குடிப்பவர் யார்?

எங்கள் அண்ணாகிராமம் பக்கம் முந்திரி உண்டு, பலா உண்டு, கரும்பு உண்டு. காப்பிச் செடி கிடையாது. சேர்வராயன் மலையிலோ சிக்கமகளூரிலோ விளைந்ததைப் பண்ருட்டியில் பொடியாக வாங்கி வருகிறோம். சிக்கரி கலந்த பொடி என்றால் அதில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த பொடி, தன்னிடம் உள்ளதைக் கொடுப்பது ஒரே ஒரு முறைதான்.

ஃபில்டரின் வேலை அப்படி. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, தண்டு வைத்த தட்டால் லேசாக அமுக்கி, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி மூடுகிறோம். இறுக்கி அமுக்கினால் சொட்டாது. அமுக்காமல் விட்டால் வெறும் தண்ணீராக ஓடிவிடும். சிக்கரியும் நீர் இறங்கும் வேகத்தைக் குறைப்பதால் டிகாக்‌ஷன் கெட்டியாக வருகிறது. மணமும் சாரமும் பெரும்பாலும் அந்த முதல் நீரோடு இறங்கிவிடும். மறுபடி ஊற்றினால் கிடைப்பது நிறமும் கொஞ்சம் கசப்பும்தான்.

அந்த நிறத்தைப் பாலில் கலந்து குடிப்பவர், பெரும்பாலான வீடுகளில், டிகாக்‌ஷன் போட்டவரேதான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வெந்நீர் வைத்த பெண், எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு, “எனக்கு இதுவே போதும்” என்பார். அதைத் தியாகம் என்று நாம் புகழ்ந்துவிடுகிறோம். புகழ்ந்தபிறகு பெரிய ஃபில்டர் வாங்கவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றுவதில்லை. இருவருக்கென்று வாங்கிய பாத்திரத்தில் ஐந்து பேர் குடித்தால் வேறென்ன நடக்கும்? பொடியைத் திணித்தும் பயனில்லை. அது ஊறவும், மேலே நீர் நிற்கவும் இடம் வேண்டும்.

இதற்கு மின்சார டிரிப் மெஷின் தீர்வாகுமா? ஜெர்மனியில் 1954-இல் விகோமாட், அமெரிக்காவில் 1972-இல் மிஸ்டர் காபி என்று அது வீடுகளுக்குள் வந்தது. பொத்தானை யாரும் அழுத்தலாம். வேலை ஒருவர் தலையிலேயே விழாது. நல்ல விஷயம்தான். ஆனால் அது பால் சேர்க்காத காப்பிக்குப் பிறந்த கருவி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பொடி என்பது அதன் கணக்கு. அதில் நம் அளவுக்குப் பாலை ஊற்றினால் காப்பி காணாமல் போகும். நம் நைசான சிக்கரிப் பொடி அதன் காகித வடிகட்டியையும் அடைத்துக்கொள்ளும். கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறி, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபின் நாள்கணக்கில் இருட்டில் இருந்த மாவட்டம் எங்களுடையது.

பொத்தானை அழுத்தத் தயாராக இருக்கும் கை, முந்தின இரவே ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைக்கலாமே! அதற்குத் தனிக் கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். வேலையைப் பங்குபோட மெஷின் வரும்வரை காத்திருப்பது ஒரு சாக்குதான்.

காகித வடிகட்டியின் கதையே வேறொரு பாடம். 1908-இல் டிரெஸ்டன் நகரத்துக் குடும்பப் பெண் மெலிட்டா பென்ட்ஸ், வண்டலும் கசப்புமாக இருந்த காப்பி பிடிக்காமல், பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, மகனின் நோட்டுப் புத்தகத்து மையொற்றுத் தாளை அதில் விரித்து வடிகட்டினார். அதே ஆண்டு காப்புரிமை வாங்கி, நிறுவனமும் தொடங்கினார். காப்பி போடுகிறவர் தன் நாக்கையும் பொருட்டாக மதித்ததால் வந்த கருவி அது. அவர் “இதுவே போதும்” என்று இருந்திருந்தால் உலகத்துக்கு அது கிடைத்திருக்காது.

ஆகவே என் யோசனை சிறியது. பாத்திரக் கடையில் ஃபில்டருக்கு அளவு சொல்லும்போது, வீட்டு ஆட்களோடு ஊற்றிக் கொடுப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள். வந்துபோகும் விருந்தாளிக்கும் ஒரு டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள். “எனக்கு இரண்டாவதுதான் பழக்கம்” என்று ஊற்றிக் கொடுப்பவர் மறுக்கக்கூடும். பழக்கம் வேறு, விருப்பம் வேறு. ஒரு மாதம் முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு கேட்டுப் பாருங்கள்.