வளாகத்தைக் காட்டலாமா?

"எட்டாத பழத்தைப் பிள்ளைக்குக் காட்டி ஏங்க வைப்பது எந்த வகை அறம்?" என்று நம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தியையும் அவளது குடும்பத்தாரையும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நாம் அழைத்துச் செல்லவிருந்த சமயம் அது. மாணவி உயர்தர வகுப்பிற் கலைப் பிரிவிற் படிப்பவள். வானைப் பேசியவர் அவளது தந்தை. அதற்கான கூலி அவருக்கும் மனைவிக்கும் பல நாட் சம்பளம் என்பதை நாம் அறிவோம். நண்பரும் அறிவார். ஆதலால் அவரது கேள்வியை வீண் விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை.

செல்வ நாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று பார்ப்பது நடுத்தர வர்க்கக் குடும்பங்களிடையே வேரூன்றிய வழக்கம். அங்கே குடும்பம் கல்லூரியைத் தெரிகின்றது. (கல்லூரி குடும்பத்தின் பணப்பையைப் பார்ப்பது வேறு கதை.) நம் நாட்டில் நிலைமை மறுதலையானது. பரீட்சை முடிந்து இஸட் புள்ளி வெளிவந்த பின்னரே விண்ணப்பப் படிவம். வெட்டுப்புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடம் ஒதுக்கும். தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே உள்ளே போகின்றனர். இந்நிலையில் முன்கூட்டியே சென்று மண்டபங்களையும் மரங்களையும் பார்ப்பதாற் பயன் யாது? நண்பரின் வாதம் இதுவே. அதில் இரக்கம் உண்டு. அந்த இரக்கம் யாருக்கு உதவுகின்றது என்பதே சிந்திக்கற்பாலது.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையை அடைந்தோம். வளாகத்தினூடே செல்வது கலஹாப் பாதை. அது பொதுப் பாதை. எவரும் போகலாம், வரலாம். ஆயினும் வானிலிருந்து இறங்கியதும் தந்தை சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டிக்கொண்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். எதிர்ப்பட்ட காவலாளியிடம், "நிற்கலாமா?" என்று கேட்டார். அவர் நிற்கச் சொன்ன பிறகும் ஓரமாகவே நின்றார். துரையின் பங்களாவுக்கு முன்னால் நிற்கும் நிலை அது. மூன்று தலைமுறையாக உடம்பிற் படிந்துவிட்ட அந்நிலையை எந்தப் பாடநூல் கொண்டு அழிப்பது என்று நாம் திகைத்தோம்.

அவர் தயங்கி நின்ற இடத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். இவ்வளாகம் எழுந்த நிலமே ஒரு காலத்திற் தோட்டக் காணியாக இருந்தது. இதனூடே செல்லும் பாதை கலஹாவுக்கு ஏறி, அதற்கு அப்பால் லூல்கந்துரவுக்கு வழிவிடுகின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. பல்கலைக்கழகம் 1952இற் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. அக்காலத்தில் இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டதைத் தேயிலையே ஈட்டித் தந்தது. இந்தக் கற்சுவர்களில், அந்த நூலகத்தில், கொழுந்து பறித்த விரல்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கின்றது என்று எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

1954இல் எடின்பரோக் கோமகன் இதனைச் சம்பிரதாயமாகத் திறந்துவைத்தபோது, ஏற்கெனவே இயங்கிவரும் இவ்விடம் வழக்கத்திலும் அதிகமாகத் திறந்திருப்பதாக வேடிக்கையாகப் பிரகடனம் செய்தார் என்பர். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அவ்வேளையில் அதே பாதையின் மேற்கோடியிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இருந்தவை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பாடசாலைகள். அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். வளாகம் யாருக்குத் திறந்திருந்தது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

எனவே தந்தையிடம், "நீங்கள் இங்கே விருந்தாளியல்ல, உரிமைக்காரர்" என்று சொன்னோம். சொல்லும்போதே நமக்குப் பெருமையாக இருந்தது. அப்பெருமை அதிக நேரம் நிலைக்கவில்லை.

மாணவியின் அப்பாயி வயதுமுதிர்ந்தவர்; நெடுங்காலம் மலையிற் கொழுந்தெடுத்தவர். மண்டபங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. மரத்தடியிற் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "இங்க கூட்டுறவங்க புள்ளைகளும் இங்கதான் படிக்குதுகளா சேர்?" என்று கேட்டார்.

"தடையொன்றும் இல்லை, பாட்டி."

"தடை இருக்கான்னு கேக்கலயே. படிக்குதுகளான்னுதான் கேட்டேன்."

நாம் விடையிறுக்கவில்லை. நமக்கு விடை தெரியாது. இவ்வளாகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவர் நாம். இலக்கியத்தில் மக்கள் சார்பு பற்றி இங்கேயே கட்டுரை எழுதிப் பாராட்டுப் பெற்றோம். அந்நான்கு ஆண்டுகளிற் கூட்டுபவர் ஒருவரிடமேனும் அவருடைய பிள்ளை என்ன படிக்கின்றது என்று கேட்டதில்லை. அதனினும் மோசமான ஒன்றும் உண்டு. கலஹா பஸ் வளாகத்தைக் கடக்கும்போது, தலையிற் துணி கட்டிய பெண்களும் மூட்டைகளும் நிறைந்த அதன் யன்னல்களை நோக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஊரார் எவரேனும் நம்மை இனங்கண்டு பெயர் சொல்லி அழைத்துவிடுவாரோ என்ற அச்சம். எங்கிருந்து வருகின்றோம் என்று சக மாணவர் கேட்டால், "ஹற்றன்" என்போம். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டோம். கல்வி நம்மை உயர்த்தியது என்று மேடைகளிற் பேசுகின்றோம். எதன் மேல் நின்று உயர்ந்தோம் என்பதை அப்பாட்டியின் கேள்வி காட்டிக்கொடுத்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஆசையைக் காட்டாதிருப்பது கருணை என்று அவர் கருதுகின்றார். பிள்ளை ஆசைப்படாமலே இருந்துவிட்டால் வாயிலிற் காவலாளி தேவையில்லை. ஆசிரியராகிய நாமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றோம். ஏழைப் பிள்ளையை ஏமாற்றத்திலிருந்து காப்பதாகக் கூறி, ஆசைப்படும் உரிமையையும் வசதியுள்ளவனுக்கே விட்டுக்கொடுப்பதற்கு அறம் என்று பெயரிட நாம் உடன்படோம். ஆயினும் அவர் வாதத்தின் மறுபாதி நம்மைச் சுடுகின்றது. தெரிவான ஒருவரின் படத்தைப் பதாகையில் அச்சிட்டுப் பாடசாலை வாயிலிற் தொங்கவிடுகின்றோம். மற்ற மூவர் எங்கே? கொழும்பிற் புடைவைக் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ இருக்கக்கூடும், நாம் விசாரிப்பதில்லை. அவர்களுக்கு வளாகத்தைக் காட்டியவர்களும் நாமே.

ஒதுக்கீட்டின் முறையையும் பிள்ளைகளுக்கு நாம் விளக்குவதில்லை. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் அதே மாவட்டத்தினுள் நகரப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையே உள்ள தூரத்தை இப்பங்கீடு அளப்பதில்லை. மொத்த இடங்கள் எத்தனை என்பதும் இயற்கை விதித்ததன்று. மனிதர் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதும் எண் அது. மனிதர் மாற்றக்கூடிய எண். இதை அறியாத பிள்ளை வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழும்போது, தன் மூளையே மட்டமானது என்று முடிவுகட்டிக்கொள்கின்றது. மண்டபத்தைக் காட்டிவிட்டு இக்கணக்கை மறைப்பவர், நண்பர் சொல்லும் குற்றத்தைச் செய்தவரே ஆவார். அன்று நாமும் மறைத்தோம். நூலகத்தின் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மாலை நான்கு மணியளவிற் கலஹா பஸ் வந்தது. அப்பாயி அதன் யன்னலோரம் இருந்த பெண்ணொருத்திக்குக் கையசைத்தார். முன்பின் தெரியாதவள், அவளும் அசைத்தாள். தந்தை மெல்லச் சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றினார். வான் புறப்பட்டது.

வழியில் மாணவி கேட்டாள்: "எனக்குக் கிடைக்கலன்னாலும் இங்க வந்து பார்க்கலாமா சேர்?"

அது பொதுப் பாதை, எப்போதும் வரலாம் என்று சொன்னோம். அவள் தலையசைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையைப் பற்றி அவள் கேட்கவில்லை என்பது நமக்கு உறைத்தபோது வான் கம்பளையைத் தாண்டிவிட்டது.