துப்பாக்கியும் சுதந்திரமும்

2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 30ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகராகிய லான்சிங்கிலே, சட்டசபைக் கட்டடத்தினுள் ஒரு கூட்டம் புகுந்தது. கொள்ளைநோயை முன்னிட்டு ஆளுநர் பிறப்பித்திருந்த கட்டளைகளை எதிர்த்து வந்த கூட்டம் அது. வந்தோரிற் சிலர் இராணுவப் பாணியில் அமைந்த நெடுந்துப்பாக்கிகளைத் தோளிலே தொங்கவிட்டிருந்தனர். மேன்மாடத்தில் நின்று, கீழே அமர்ந்திருந்த மக்கட் பிரதிநிதிகளை அவர்கள் நோக்கினர். பிரதிநிதிகளிற் சிலர் குண்டு துளைக்காத அங்கியை அணிந்துகொண்டு விவாதத்திற் பங்குபற்றினர். வெடி எதுவும் தீரவில்லை. எவரும் காயமுறவில்லை. துப்பாக்கி ஏந்தியமையால் எச்சட்டமும் மீறப்படவுமில்லை. வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல் அம்மாநிலத்திற் சட்டத்துக்கு உட்பட்டது. சட்டசபைக் கட்டடத்தினுள்ளும் அன்று அதற்குத் தடை இருக்கவில்லை. சுலோக அட்டைகளுக்கோ அங்கே தடை இருந்தது.

எழுத்தைத் தாங்கிய அட்டை வாயிலுக்கு வெளியே நிற்கத் துப்பாக்கி உள்ளே சென்ற இந்நிகழ்ச்சி நம்முன் ஒரு கேள்வியை வைக்கிறது. எவருக்கும் ஊறு நேராதபோது, சட்டமும் மீறப்படாதபோது, அங்கே தவறேதும் நிகழ்ந்ததா? நிகழ்ந்ததாயின் அத்தவறு யாது?

பொதுவிடங்களில் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தும் உரிமையை ஆதரிப்போரின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாந் திருத்தம் 1791இல் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருத்தலும் ஏந்துதலும் மக்களின் உரிமை என்று அது கூறுகிறது. இவ்வுரிமை குடிப்படைக்கு உரியதா, தனிமனிதனுக்கு உரியதா என்ற நெடுங்கால வழக்கில், அது தனிமனிதனுக்கு உரியதே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று 2022இல் அதே நீதிமன்றம் கூறியது. ரெக்சாஸ் மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றோர் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தலாம் என்ற விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 செப்டெம்பர் முதல் அப்பத்திரமும் வேண்டப்படவில்லை. புளோரிடாவில் 1987 முதல் இருந்துவந்த தடை யாப்புக்கு முரணானது என்று 2025 செப்டெம்பரில் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது.

இவ்வுரிமைக்காக வாதிடுவோர் கூறுவன நான்கு. மறைத்து வைப்பவனிலும் வெளிப்படையாக வைப்பவன் நேர்மையானவன், அவனிடத்து வஞ்சகமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆயுதம் தீயவனைத் தூரத்திலேயே நிறுத்திவிடும். பொலிசார் எங்கும் எப்பொழுதும் இருத்தல் இயலாதாகையால் தன்னைத் தான் காத்தல் மனிதனின் இயற்கையான உரிமை. இறுதியாக, ஆயுதமிழந்த மக்களைக் கொடுங்கோலர் எளிதில் அடிமைப்படுத்துவர். இவை பைத்தியக்காரரின் கூற்றுக்களல்ல. இவற்றுள் இறுதியான கூற்றை இடதுசாரிகளாகிய நாமும் பல சந்தர்ப்பங்களிற் கூறியிருக்கிறோம். ஆகவே இவற்றை நகைத்து ஒதுக்குதல் தகாது.

ஆயின் இந்நான்கு வாதங்களும் ஒன்றை மறந்துவிடுகின்றன. துப்பாக்கி ஒரு கருவி மட்டுமன்று. வெளிப்படையாக ஏந்தப்படும்பொழுது அது ஓர் அறிவிப்புமாகும். மறைத்து வைத்த துப்பாக்கி எவரோடும் பேசுவதில்லை. வெளியே தொங்கும் துப்பாக்கியோ எதிர்ப்படுவோர் அனைவருடனும் பேசுகிறது. ஏந்தியவன் தன் நெஞ்சிலுள்ள நோக்கத்தை அறிவான். காண்பவனுக்கு அந்நெஞ்சு தெரிவதில்லை. துப்பாக்கி மட்டுமே தெரிகிறது. வழிப்போக்கனிடம் வேலோடு நின்று பொருள் கேட்பவனின் சொல்லுக்கும், கோலோடு நின்று குடிகளிடம் யாசிக்கும் அரசனின் சொல்லுக்கும் வேற்றுமையில்லை என்று கொடுங்கோன்மையைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர் உணர்த்தினார். வேல் ஏந்தியவன் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மிக மென்மையாகவே கேட்கலாம். ஆயினும் அது வேண்டுகோளாகாது. ஆயுதம் தாங்கியோர் நின்ற சந்தியிலே மனிதரின் குரல் எவ்வாறு தாழ்ந்தது என்பதை, 1983 முதல் 2009 வரை நீடித்த போரைக் கண்ட நம்மவர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இனி லான்சிங் நகருக்கு மீள்வோம். அன்று சட்டசபையின் முன் இருந்த பொருள், ஆளுநரின் அவசரநிலைப் பிரகடனத்தை நீடிப்பதா என்பது. சபை நீடிக்கவில்லை. அச்சபையின் பெரும்பான்மைக் கட்சியினர் ஏலவே ஆளுநரை எதிர்த்தவர்களாகையால், அம்முடிவு துப்பாக்கிக்கு அஞ்சி எடுக்கப்பட்டதென்று நாம் கூறவில்லை. ஆனால், அச்சத்தின் நிழல் படாமல் அது எடுக்கப்பட்டதென்று எவரேனும் உறுதி கூறவியலுமா? இயலாது. தவறு இங்கேதான் இருக்கிறது. மக்களாட்சியிலே தோற்றவன் முடிவை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், அது வாதத்தினாலும் வாக்கினாலும் எடுக்கப்பட்டது என்ற நம்பிக்கையே. சபைக்குள் துப்பாக்கி வந்த கணத்தில் அந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமற்போகிறது. ஒரு குண்டும் பாயாமலே எல்லோருக்கும் உரிய பொதுவுடைமை ஒன்று களவாடப்படுகிறது. கிரேக்கரிடையே ஆயுதமின்றி அன்றாட வாழ்வு நடத்தத் தொடங்கிய முதல்வர்களுள் அதேனியரும் அடங்குவர் என்று துசிடிடீஸ் தமது வரலாற்று நூலின் தொடக்கத்திலேயே குறித்துள்ளார். விவாதத்தால் அரசு நடத்த முற்பட்ட நகரமும் அதுவே என்பது கருதத்தக்கது.

தற்காப்பு என்னும் வாதத்திலும் ஒரு சுழல் உண்டு. 2020 ஆகஸ்ட் 25ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில், கிளர்ச்சி நடந்த தெருவில், 17 வயது இளைஞன் ஒருவன் நெடுந்துப்பாக்கியோடு நின்றான். இருவர் அவன் கையால் இறந்தனர்; ஒருவர் காயமுற்றார். தன் துப்பாக்கியைப் பிறர் பறித்துத் தன்னைக் கொல்வர் என்று அஞ்சியே சுட்டதாக அவன் தரப்புக் கூறியது. 2021 நவம்பரில் யூரிமார் அவனைக் குற்றமற்றவன் என விடுவித்தனர். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அதன் தருக்கத்தை நோக்குக. காப்புக்கென்று கொண்டுசென்ற ஆயுதமே அவன் அஞ்சிய ஆபத்தாகிவிட்டது. அவனைக் கண்டோர் அவனைக் கொலைகாரன் என அஞ்சினர். அவர்கள் நெருங்கக் கண்டு அவனும் அஞ்சினான். இருபுறத்து அச்சத்தையும் அத்துப்பாக்கியே வளர்த்தது. ஒவ்வொருவனும் தன்னளவில் நியாயத்தோடு நடந்துகொண்டே கொலையில் முடியக்கூடிய ஒரு தெருவைச் சட்டம் சமைத்துவிட்டது.

அடுத்து, இவ்வுரிமை அனைவருக்கும் சமமானதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு வரலாறுதான் விடை கூறவேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தலை மிசிசிப்பி மாநிலம் தடைசெய்தது. 1873 ஏப்ரிலில் லூயிசியானாவின் கொல்பாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் படையொன்று பீரங்கியோடு தாக்கி, 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, சரணடைந்தோரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1876இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இரண்டாந் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று கூறித் தண்டனைகளைத் தள்ளிவிட்டது. இன்று புனிதமெனப் போற்றப்படும் அதே திருத்தம் அன்று அம்மக்களுக்குக் கைகொடுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. துப்பாக்கி ஏந்த அவர் அனுமதி கேட்டார்; மறுக்கப்பட்டது. 1966இல் கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர், பொலிசாரின் நடத்தையைக் கண்காணிக்கத் துப்பாக்கியோடு தெருவிலே சென்றனர். அவ்வாறு ஏந்துதல் அன்று அம்மாநிலத்திற் சட்டபூர்வமானது. அதனைத் தடுக்கும் மசோதா வந்தபொழுது, 1967 மே 2ஆந் திகதி அவர்களுள் ஏறத்தாழ முப்பதுபேர் துப்பாக்கிகளோடு சக்கரமெந்தோ நகரின் சட்டசபைக் கட்டடத்தினுள் நுழைந்தனர். மூன்று மாதங்கள் செல்லுமுன் மசோதா சட்டமாயிற்று. கையொப்பமிட்டவர் ஆளுநர் றொனால்ட் றீகன். ஆதரித்தது தேசிய றைபிள் சங்கம். 1967இல் சக்கரமெந்தோவில் நடந்ததும் 2020இல் லான்சிங்கில் நடந்ததும் புறத்தோற்றத்தில் ஒரே செயலே. முன்னதிற் குடியரசுக்கே ஆபத்து வந்துவிட்டதாகக் கண்டவர்களின் அரசியல் வாரிசுகள், பின்னதிற் சுதந்திரத்தைக் கண்டனர்.

நம் காலத்திலும் சான்றுகள் உள. ஒகாயோ மாநிலத்தில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே 2014 நவம்பரில், கிளீவ்லன்ட் நகரப் பூங்கா ஒன்றில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன், பொலிஸ் வண்டி வந்து நின்ற இரண்டொரு விநாடிகளுள் சுட்டுக் கொல்லப்பட்டான். 2016 யூலையில் டலஸ் நகரிலே, ஊர்வலத்துக்குக் காவல்நின்ற பொலிசார் ஐவரை ஒருவன் ஒளிந்திருந்து கொன்ற இரவில், சட்டப்படி நெடுந்துப்பாக்கியோடு ஊர்வலத்தில் வந்த குற்றமற்ற கறுப்பின மனிதர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று பொலிசாரே வெளியிட்டனர். துப்பாக்கி ஓர் அறிவிப்பு என்றோம். அவ்வறிவிப்பின் பொருளை ஏந்துபவன் தீர்மானிப்பதில்லை. காண்பவனின் கண் தீர்மானிக்கிறது. அக்கண்ணையோ நெடுங்கால அடிமைமுறையும் இனபேதமும் பழக்கி வைத்துள்ளன. வெள்ளையன் தோளில் அது குடியுரிமை. கறுப்பன் கையில் அது குற்றத்தின் சாட்சியம். சட்டத்தின் எழுத்து சமமாக இருந்தும் பயன் சமமாகாத உரிமை இது.

இங்கே நம் தோழர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். 1850 மார்ச்சில் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய சுற்றறிக்கையில், தொழிலாளர் ஆயுதங்களைக் கைவிடலாகாது என்று வற்புறுத்தவில்லையா? 1921இல் மேற்கு வேர்ஜினியாவின் பிளெயர் மலையிலே ஏறத்தாழப் பதினாயிரம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், சுரங்க முதலாளிகளின் கூலிப்படைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கவில்லையா? கொல்பாக்ஸ் மக்கள் நிராயுதபாணிகளாக இருந்திருக்க வேண்டுமென்பதா உமது அறம்?

அன்று. கொல்பாக்ஸில் நின்றோரை நோக்கி ஆயுதத்தைக் கீழே போடும்படி கூறும் உரிமை, பாதுகாப்பான அறையிலிருந்து எழுதும் எவருக்கும் இல்லை. ஆனால் அச்சுற்றறிக்கையை எடுத்துக்காட்டுவோர் அதன் மறுபாதியை மறந்துவிடுகின்றனர். தொழிலாளர் தாமே தெரிவுசெய்த தளபதிகளின் கீழ் அமைப்பாகத் திரளவேண்டும் என்பதே அங்குள்ள கருத்து. அது கூட்டான பொறுப்பு. கடையிலே விலைகொடுத்து வாங்கி இடுப்பிற் செருகிக்கொண்டு சந்தைக்குச் செல்லும் தனிமனிதன் எவருக்குப் பொறுப்புடையவன்? அவனைத் தெரிந்தெடுத்தவர் யார்? திருப்பி அழைக்கக் கூடியவர் யார்? பிளெயர் மலைத் தொழிலாளரின் துப்பாக்கி ஒரு கொடுமைக்கு எதிரான கடைசிப் புகலிடம். சந்தைக்குச் செல்பவனின் துப்பாக்கியோ, கொடுமையே இயல்புநிலை என்று ஏற்றுக்கொண்டு அதனோடு செய்துகொண்ட சமரசம். ஆயுதம் ஏந்த வேண்டிய நிர்ப்பந்தம் ஒரு சமுதாயத்தின் மீதான குற்றச்சாட்டேயன்றி அதன் அணிகலனன்று. மார்ட்டின் லூதர் கிங்கும் பின்னர் தம் வீட்டிலிருந்த துப்பாக்கியை அகற்றிவிட்டார். அச்சம் அவரை விட்டகன்றமையால் அன்று. மொந்கோமரி நகரத்து மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு நின்ற ஒற்றுமையிலே வேறொரு வலிமையை அவர் கண்டமையால்.

இத்தனிமனித ஆயுதத்தின் பொருளாதார அடிப்படையையும் நோக்குதல் தகும். 2017ஆம் ஆண்டுக்கான ஒரு கணிப்பின்படி அமெரிக்கப் பொதுமக்களிடமிருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடி, நூறுபேருக்கு நூற்றிருபது. துப்பாக்கி உற்பத்தியாளரைப் பெரும்பாலான நட்டஈட்டு வழக்குகளினின்றும் காக்கும் சட்டமொன்று 2005இல் நிறைவேற்றப்பட்டது. அச்சம் ஒரு சந்தை. அண்டை வீட்டான் வாங்கியமையே நானும் வாங்குதற்குக் காரணமாகும் சந்தையில் விற்பனைக்கு எல்லை இல்லை. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டோர். வாசலில் வரும் பகைவனுக்கென்று வாங்கிய ஆயுதம் பெரும்பாலும் வாங்கிய வீட்டையே நோக்கித் திரும்புகிறது. வேலையும் மருத்துவமும் தோழமையும் தரவேண்டிய பாதுகாப்பை ஒரு சரக்காக்கி, மனிதனைத் தனிமையில் விட்டு, அத்தனிமைக்குச் சுதந்திரம் என்று பெயரிட்டுள்ளது முதலாளித்துவம்.

2021 ஜனவரி 6ஆந் திகதி வாஷிங்டன் நகரில் நடந்ததைக் கண்டபின், மிச்சிகன் சட்டசபைக் கட்டடத்தினுள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல் அதே மாதத்தில் தடைசெய்யப்பட்டது. தடை வேண்டியதே. ஆனால் பூட்டிய கதவு தன்னளவில் மக்களாட்சியைத் தந்துவிடாது. வகுப்பறையிலே மாணவன் ஒருவன், ஆயுதம் ஏந்துவதும் ஒரு சுதந்திரம்தானே என்று கேட்பானாயின், அவனுக்கு அரசியல் யாப்பை மட்டும் எடுத்துக்காட்டுதல் போதாது. அத்துப்பாக்கி நிற்கும் கூட்டத்தில் துப்பாக்கியில்லாத ஒருவர், அவருள்ளும் ஏழையும் சிறுபான்மையினருமான ஒருவர், எழுந்து நின்று 'இதற்கு நான் உடன்படேன்' என்று கூறிவிட்டு அச்சமின்றி வீடு திரும்பக்கூடுமா என்று அவனையே திருப்பிக் கேட்போம். அக்கேள்விக்கு அவன் காணும் விடையிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.