கைராசியும் களைக்கொத்தியும்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று, லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமரத்தின் கதையைக் கேட்டோம். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத மரம். உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். கடவுள் பொறுமையானவர், நமக்குத் தவணை தருகிறார் என்று அந்த ஓர் ஆண்டைத்தான் நாம் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மனிதர் தவணை மட்டுமா கேட்டார்? சுற்றிலும் கொத்திவிடுகிறேன், எரு போடுகிறேன் என்று தன் உழைப்புக்கும் வாக்குக் கொடுக்கிறார். சும்மா விட்டுவைத்தால் நாலாம் ஆண்டிலும் மரம் அப்படியேதான் நிற்கும்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீடு மந்திரிக்கப் போகும்போது, மாடிப்படியோரம் ஒதுக்கி வைத்த ரோஜாத் தொட்டி கண்ணில் படும். நர்சரியிலிருந்து வந்த அன்று நாலு பூ, ஏழெட்டு மொட்டு. இரண்டு மாதத்தில் முள்ளும் குச்சியும்தான் மிச்சம். "நமக்கு ரோஜா கைராசி இல்லை ஃபாதர்" என்பார்கள்.

நற்செய்தியின் தோட்டக்காரர் ராசியைப் பற்றிப் பேசவில்லை. மண்ணைத்தான் கொத்துகிறார். நீங்களும் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நர்சரிச் செடி பல நேரம் இறுகிய களிமண் உருண்டையோடு வருகிறது. அதை அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிடுகிறோம். தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும். உள்ளே வேர் மூச்சுத் திணறும். அடியில் உள்ள துளையும் அடைத்துக்கொண்டால் வேர் அழுகிவிடும். மண்கலவைக்குச் செம்மண், மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி நோய் வரும். வெயில் ஏற ஏறச் செஞ்சிலந்தி இலைக்கு அடியில் குடியேறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். டீத்தூள் போடுகிறவர்கள் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிப் போடுங்கள். இல்லையென்றால் எறும்புக்குத்தான் விருந்து!

இன்னொன்று. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழேயிருந்து சில நேரம் ஒரு தளிர் கிளம்பும். மற்ற கிளைகளைவிட வேகமாக, கொழுகொழுவென்று வளரும். பார்க்கிறவருக்குச் சந்தோஷம். அது அடிச்செடியின் தளிர். விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், மேலே ஒட்டிய ரோஜா பட்டுப்போகும். நம் வீடுகளில் ஞாயிறு காலையை விழுங்கும் ஓவர்டைமும் டியூஷனும் இப்படித்தான் வளர்ச்சி போலத் தெரிகின்றன. எந்தத் தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று இந்தத் தவக்காலத்தில் குனிந்து பாருங்கள்.

காய்ந்த செடியைக் குப்பையில் போடுமுன் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. "அவன் கோயிலுக்கு வந்து வருஷக்கணக்காச்சு, விடுங்க ஃபாதர்" என்று மகனைப் பற்றி, தம்பியைப் பற்றிச் சொல்கிறீர்களே, யாராவது சுரண்டிப் பார்த்தீர்களா? அவன் வேலை போனதை, கடனை, நீங்கள் எல்லோர் முன்பும் சொன்ன ஒரு சொல்லை? அவன் வேரைச் சுற்றி இறுகிக் கிடப்பது நம் வீட்டுக் களிமண்ணாகவே இருக்கலாம்.

மண்ணில் கைவைக்கத் தயங்காத புனிதரும் உண்டு. லீமா நகர்ப் புனித ரோசா பெரு நாட்டில் வாழ்ந்தவர். அமெரிக்கக் கண்டத்தின் முதல் புனிதர். 1671-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. வீட்டில் வறுமை வந்தபோது தோட்டத்தில் பூ வளர்த்தும் தையல் வேலை செய்தும் குடும்பத்துக்கு உதவினார். அவருடைய செபத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர் கையில் ஒட்டிய மண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. நம் பூவிருந்தவல்லியிலேயே திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்கிறது. சமயம் வேறு, ஆனால் பக்திக்கு மண்வேலை இழுக்கு இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். கோடை வருகிறது, இப்போது கடுமையாக வெட்டினால் செடி தாங்காது. காய்ந்த நுனியை மட்டும் எடுங்கள், மேல்மண்ணைக் கிளறி எரு வையுங்கள், உச்சி வெயிலில் நிழல் கொடுங்கள். கவாத்து மழைக்காலம் முடிந்த பிறகு. அந்தத் தம்பிக்கு மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு போன் போடுங்கள். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

நம்பிக்கை அறிக்கையைச் சொல்ல எழுந்து நிற்போம்.