வரிக் கணக்கில் தாயார்

வருமான வரிக் கணக்கு எழுதுங் காலத்தில் நம் குடும்பங்களில் ஒரு சந்தேகம் எழும்புகிறது. தாயார் கும்பகோணத்தில், பிள்ளைகள் இருவரும் சென்னையில். மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவை மூத்தவன் கட்ட, இளையவனும் அதைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. பழைய வரி முறையில் இருப்பவர், அறுபது வயது நிரம்பிய பெற்றோருக்காகத் தாம் கட்டிய சந்தாவை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். பெற்றோர் அவரை அண்டியிருக்க வேண்டுமென்பதில்லை; பணம் அவருடையதாயிருக்க வேண்டும். ரொக்கமாய்க் கட்டினாலும் செல்லாது. மாமியாருக்கும் விதவைச் சகோதரிக்கும் கட்டும் சந்தாவுக்கு இச்சலுகையில்லை. சட்டம் எழுதினவர்கள் நம் வீடுகளைப் பார்த்ததில்லை போலும்! இளையவன் எழுதுவது சிறு தொகைதான். ஆனாலும் கையொப்பமிட்டுச் சொல்லும் பொய் அது.

இதைவிடப் பெரிய சோதனை நெல்லில் இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு 1886-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் காத்தது. சொந்தக் குறுவை, சம்பா, குத்தகை நெல் எல்லாம் இதிலடங்கும். பிறர் நெல்லை வாங்கி விற்ற லாபம் அடங்காது, அது வியாபாரம். நாலு மா நிலத்தை வைத்துக்கொண்டு, தஞ்சாவூர்க் கடை லாபத்தையெல்லாம் சம்பா விளைச்சலென்று எழுதுகிறவர், "யாருக்கு நஷ்டம்?" என்கிறார். சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படும் ஆசிரியருக்கு நஷ்டம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமோ என்று கலங்கும் உழவனுக்கும் நஷ்டம். அவனுக்குரிய விலக்கின்மேல் ஊரார் சந்தேகப்படுகிறார்கள்.

ஞாயிறு காணிக்கையைக் கழிக்கலாமா என்று கேட்போருக்கு: உண்டியலில் இட்டதற்குக் கழிவு கிடையாது.