பெயரில்லாக் குலைகள்

சீடன்: ஐயா, இது மட்டி, இது ஏத்தன், இது செந்துளுவன் என்று யாராவது சொல்லித் தந்தால்தான் கிளாசிஃபையர் படிக்கும். வடசேரிச் சந்தையில் இறங்கிய வாழைக் குலைகளின் அளவுகள் மட்டுமே என்னிடம் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. அவற்றைக்கொண்டு குலைகளை இனம் பிரிக்க வழி உண்டா?

குரு: உண்டு, மக்களே. பெயர் போனால் போகட்டும், கிளாசிஃபையருக்கு ஒரு கேள்வி வேண்டும். பல முடிவு மரங்களைக் காடாகச் சேர்க்கும் கிளாசிஃபையரான ரேண்டம் ஃபாரஸ்டை 2001-இல் எழுதிய லியோ பிரைமன் அதற்கும் வழி காட்டினார். உன் அட்டவணையில் என்ன இருக்கிறது?

சீடன்: காயின் நீளம், பருமன், தோலின் தடிப்பு, காம்பின் நீளம்.

குரு: அதை நகலெடுத்து, நகலில் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே கலைத்துப் போடு. ஏத்தனின் நீளத்தோடு மட்டியின் மெல்லிய தோல் வந்து சேரும். எந்த வாழையும் தள்ளாத குலைகள் அவை. அசலோடு அவற்றைக் கலந்து, எது அசல் என்று ரேண்டம் ஃபாரஸ்டிடம் கேள்.

சீடன்: பொய்யைப் பிடிக்கப் படித்தால் இனம் எப்படித் தெரியும்?

குரு: ஒரு பத்தியை மட்டும் பார்த்தால் அசலும் பொய்யும் ஒன்றே. எண்கள் அவையேதான், சேர்க்கைதான் குலைந்திருக்கிறது. ஆகவே எது எதோடு சேர்ந்து வரும் என்பதைப் படித்தாலொழிய அதற்கு விடை கிடைக்காது. படித்து முடித்ததும் பொய்க் குலைகளை விலக்கு. அந்தக் காட்டில் நூற்றுக்கணக்கான மரங்கள். இரண்டு அசல் குலைகள் எத்தனை மரங்களில் ஒரே இலையில் போய் விழுகின்றன என்று எண்ணு. அதுதான் அவற்றின் நெருக்கம். அதை வைத்துக் கூட்டம் பிரி.

சீடன்: அப்படியானால் இனங்கள் தரவிலேயே இருக்கின்றன, நாம் கண்டெடுக்கிறோம்.

குரு: பொறு. 1955-இல் சிமண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வாழை வகைகளை 15 குணங்களால் பிரித்தார்கள். தண்டின் நிறம், பூமடலின் வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரு காட்டு மூதாதைகளில் எதன் பங்கு எவ்வளவு என்பதே அவர்கள் கேள்வி. அதற்குப் பழத்தின் ருசி தேவைப்படவில்லை. உனக்கோ மட்டி வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், மணத்துக்குப் பேர்போனது. உன் அட்டவணையில் மணத்துக்குப் பத்தி எங்கே?

சீடன்: இல்லாமலும் கூட்டங்கள் வருமே?

குரு: வரும். ஏழு கேட்டால் ஏழு தரும், ஒன்பது கேட்டால் ஒன்பது. அதனால் பாதிக் குலைகளை மட்டும் எடுத்து மறுபடி செய்து பார். கூட்டம் கலையாமல் நின்றால், பழுத்த சீப்புகளோடு சந்தைக்குப் போ. நீ ஒன்றென்று சேர்த்ததற்கு வியாபாரி இரண்டு பெயர் சொன்னால் வாதிடாதே. எதைப் பார்த்துப் பிரித்தார் என்று கேட்டு, அதற்கொரு பத்தி போடு.