உலை வைக்கலாமா?



இந்த நேரத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். செங்குன்றத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு குடோன் வாசலில், லாரியின் நிழலிலும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் டிரைவரைப் பற்றித்தான் இன்றைய சிந்தனை.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லோடு ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது வந்து சேர்ந்தவர் அவர். வாசலில் காவலாளி, "ஓரமா போடுங்க டிரைவரே, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டார். எப்போது கூப்பிடுவார்கள்? அது அந்தக் காவலாளிக்கும் தெரியாது. உள்ளே நிற்கும் வண்டி காலியாக வேண்டும். சரக்கு இறக்கும் ஆட்கள் வர வேண்டும். பில்லைச் சரிபார்ப்பவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். காலை மதியமாகும், மதியம் இரவாகும். சில நேரம் மறுநாளும் ஆகிவிடும்.

அந்த நேரத்தை அவர் எப்படிக் கடத்துகிறார்? முதலில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கிறார். தளர்ந்த தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். குழாய் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய்க் குளித்து, லுங்கியை அலசி வண்டியிலேயே காயப் போடுகிறார். பிறகு ஸ்டவ்வை எடுத்துக் கீழே வைக்கிறார். முன் வண்டிக்காரரிடம் அரிசி இருக்கிறது, பின் வண்டிக்காரரிடம் தக்காளியும் வெங்காயமும் இருக்கின்றன. முந்தாநாள் வரை முகம் தெரியாத மூன்று பேர் ஒரே குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். "அண்ணே, வரிசை நகர்ந்தா எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டு ஒருவர் கேபினில் காலை மடக்கிப் படுக்கிறார். அவருடைய டீசல் டேங்கையும் சரக்கையும் சேர்த்து அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு இது.

இதை ஓய்வு என்று நாம் நினைத்துவிடக் கூடாது. லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்குக்கு அந்த நேரத்தில் காவல் அவர்தான். ஆனால், 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்துக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள். முனையங்களில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அது வேலை நேரத்தில் சேரும் என்றது. நாள் முழுக்க நின்றவரின் நேரம் எந்தக் கணக்கில் சேரும்? நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, இரண்டு நாள் நின்றால் அந்த மாதத்தில் ஒரு நடை போயிற்று. வண்டி நின்றதற்கு 'ஹால்ட்டிங்' என்று பணம் கேட்கும் வழக்கம் உண்டு. பேசி வாங்கினாலும் அது டிரைவர் கைவரை வந்து சேரும் என்பது உறுதியில்லை.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வழியில் நிற்பது குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. ஓட்டும்போது அது பெரிய ஆறுதல். ஆனால், நிற்கும் வண்டியில் ஏசி ஓட வேண்டுமானால் இன்ஜினும் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க அப்படி டீசலை எரிக்க எந்த டிரைவருக்குக் கட்டுப்படியாகும்?

நேயர்களே, "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்" என்பார்கள் நம் பெரியவர்கள். உண்மைதான். சோறு எப்போது வேகும், எப்போது ஆறும் என்று நமக்குத் தெரியும். தெரிவதால் பொறுக்கிறோம். குடோன் வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. உலை வைத்துச் சோறு பாதி வெந்திருக்கும்போது, "வண்டியை உள்ளே எடு" என்று குரல் வரும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். வைக்காமல் காத்திருந்தாலோ, மாலை வரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். காத்திருக்க அவர் தயார். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதரைத் தின்கிறது.

அப்படி இழந்த நேரத்தை அவர் எங்கே மீட்பார்? சாலையில்தான். நடுராத்திரியில் நம்மை உரசிக்கொண்டு விரையும் லாரியைப் பார்த்துக் கோபப்படுகிறோம். அந்த அவசரம் பகலில் ஏதோ ஒரு வாசலில் பிறந்திருக்கலாம். தூங்காத அந்தக் கண்களுக்கு நாமும் பொறுப்பு.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கடை வைத்திருப்பவர் இருப்பீர்கள். மில்லிலோ கம்பெனியிலோ சரக்கு வாங்கி வைப்பவர் இருப்பீர்கள். இன்று உங்கள் வாசலுக்கு ஒரு லாரி வந்தால், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு நேரம் சொல்லுங்கள். "அண்ணே, 11 மணிக்குத்தான் இறக்குவோம். சமைச்சுச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்க, நாங்களே வந்து எழுப்புறோம்." இவ்வளவுதான். அவர் நிம்மதியாக உலை வைப்பார்.