அறியாதது குப்பையா?

அறியாததைப் பயனற்றதென்று தள்ளுவது அறிவுடைமையா, தோழர்களே?

மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்குக் கட்டளையிடும் பகுதி நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எஞ்சியதன் பெரும்பகுதியை 1972-இல் ‘குப்பை’ என்றார் சுசுமு ஓனோ. அவர் காரணம் காட்டினார். கேட்டவர் பலரோ காரணத்தை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டனர்!

1993-இல் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் பாடம் கேட்டனர். புரதம் எதையும் ஆக்காத, ஏறத்தாழ 22 எழுத்தே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு, வேறொரு ஜீனின் செய்தியில் ஒட்டி அதன் வாயை அடைத்தது. புழுவின் விந்தை என்று வாளாவிருந்தது உலகம். 2000-இல் மனிதனிடமும் அத்தகைய துணுக்கு கண்டனர். 2002-இல், ஒருவகை இரத்தப் புற்றுநோயில் அத்தகைய இரு துணுக்குகள் பலரிடம் அழிந்தோ குன்றியோ இருக்கக் கண்டனர். அவ்விருவருக்கும் நோபல் பரிசு வந்தது 2024-இல்!

புறத்திலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வும் ஆணையிடும்: இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஏந்திய பாக்டீரியாவைத் தின்ற அதே புழுவின் ஜீன் அடங்கியதை 1998-இல் காட்டினர்.

அப்படியானால், “குப்பையே இல்லை, எல்லாம் ஆண்டவன் திட்டம்” என்று முழங்கலாமா? அதுவும் ஆகாது. பயனற்ற பகுதி பெருமளவு இருக்கக்கூடும். ஆய்வாளரிடையே வழக்கு முடியவில்லை. சான்றின்றி இகழ்வதும் பிழை, சான்றின்றிப் புகழ்வதும் பிழை.

‘தெரியாது’ என்னும் துணிவு வேண்டும். அதனோடு நில்லாமல் தேடும் உழைப்பும் வேண்டும். பகுத்தறிவின் அறம் அதுவே.